வண்டியைத் தள்ளாதே

ஊர்த்தெரு முனையில் பஞ்சர் கடை உண்டு, எங்களுக்கு இல்லை. சேரியிலிருந்து வண்டி போனால் "ஓரமா வச்சிட்டுப் போடா" என்பார் கடைக்காரர். பொழுது சாயும்வரை அங்கேயே கிடக்கும். அண்ணன் பாத்துச்சு. ரெண்டு லீவரும் ஒரு கைப்பம்பும் வாங்கி வந்து வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பிச்சுது.

"கழட்டறப்ப வால்வுகிட்ட ஆரம்பி தம்பி. எதிர்ப்பக்கத்து விளிம்ப மிதிச்சு ரிம் குழிக்குள்ள இறக்கு, அப்பதான் இந்தப் பக்கம் இளகும். மாட்டறப்ப வால்வுகிட்ட முடி."

விளிம்பில் சோப்புத் தண்ணி தடவுவோம். லீவர் கடிக்காமலிருக்க டியூபில் கொஞ்சம் காற்று. பிறகு வீலை அச்சோடு இரண்டு கட்டைமேல் தூக்கி வைத்துச் சுற்றவிடுவோம். கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் எதிரே ஸ்போக்ஸ் கம்பியில் ஈயக்கம்பி சுற்றுவோம், எங்கே நிறுத்தினாலும் வீல் அங்கேயே நிற்கும்வரை.

ஊர்த்தெருவில் எங்கள் ஆட்கள் வண்டியைவிட்டு இறங்கித் தள்ளித்தான் போகவேண்டும் என்பது எழுதாத சட்டம். மோட்டார் சைக்கிளில் போவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பெயர் சொல்லி எழுதியது 2015 திருத்தத்தில்; நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரி 26இல். எழுதியாச்சு, தெருவில் ஓட்டிக் காட்டணுமே. நடுத்தெருவில் டயர் போனால் மறுபடி தள்ளவேண்டி வரும். அவனுங்க கண்ணு அதுக்குத்தான் காத்திருக்கும்.

இன்று எங்கள் தெருவில் பொம்பளப் பிள்ளைகளுக்கும் டயர் கழட்டத் தெரியும்.