பந்தயத்தில் ஒரு முகம்

1952 நவம்பர் 7ஆம் தேதி மெக்ஸிகோ நகரத்தில், அரீனா கொலிசேயோ என்ற அரங்கில், இரண்டு பேர் மல்யுத்தம் செய்தார்கள். வெள்ளி முகமூடி போட்டவர் எல் சான்டோ. கறுப்பு முகமூடி போட்டவர் ப்ளாக் ஷேடோ. மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும். பந்தயமாக வைக்கப்பட்டது பட்டமுமல்ல, பணமுமல்ல, முகமூடி. தோற்றவர் ரிங்கின் நடுவில் முகமூடியைக் கழற்றிவிட வேண்டும். சொந்தப் பெயர் வெளியே வந்துவிடும். அந்த முகமூடியை அதன்பிறகு அவர் போடக்கூடாது. சான்டோ ஜெயித்தார். ப்ளாக் ஷேடோவின் பெயர் அலெஹான்ட்ரோ க்ரூஸ் என்று அன்று ஊருக்குத் தெரிந்தது.

இந்த ஆட்டத்தை நான் புகைப்படங்களிலும் எழுத்திலும்தான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தைப் பிரிக்காமலே மதிப்புரை எழுதுகிற நம் மரபில் இது ஒன்றும் பெரிய குற்றமில்லை.

லூச்சா லீப்ரே என்று அங்கே சொல்லப்படும் இந்த மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே பேசிவைக்கப்பட்டது என்பதைக் குழந்தைகூடச் சொல்லும். அதைக் கண்டுபிடித்துச் சொல்வதை விமர்சனம் என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சான்டோ ஆட்டத்துக்கு முந்தின மாதம்தான் பாரிஸில் ரொலாந் பார்த் 'எஸ்ப்ரி' பத்திரிகையில் தொழில்முறை மல்யுத்தம் பற்றி எழுதியிருந்தார். 1957இல் 'மித்தாலஜி' நூலின் முதல் கட்டுரையாக வந்தது அதுதான். இது விளையாட்டல்ல, காட்சி. பொய்யா மெய்யா என்ற கேள்வியே பார்வையாளனுக்கு இல்லை. வலி, தோல்வி, நியாயம் எல்லாம் மல்லனின் உடம்பிலும் முகத்திலும் எழுதி ஒட்டினாற்போலத் தெரிகின்றன என்பது அவர் வாதம். சரியான வாதம்தான். ஆனால் பார்த் பார்த்தது பாரிஸின் மல்லர்களை. வலிக்கிற முகத்தை அவர்கள் காட்டினார்கள். முகத்தையே துணியால் மூடி நாடா போட்டுக் கட்டிவிட்ட பிறகு இந்தக் காட்சி என்ன ஆகிறது?

இரண்டு விஷயம் ஆகிறது. முகம் செய்த வேலையை முதுகும் தோளும் செய்ய வேண்டியிருக்கிறது. இது நம் கூத்து பார்த்தவர்களுக்குப் புதிதில்லை, விட்டுவிடலாம். இன்னொன்றுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. மெக்ஸிகோவில் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தை சால்வடோர் லுட்டரோத் 1933இல் தொடங்கினார். அடுத்த சில வருஷங்களுக்குள் முகமூடி வந்துவிட்டது. முதல் முகமூடிகளைத் தைத்தவர் செருப்புத் தைக்கிற அந்தோனியோ மார்ட்டினெஸ். முகமூடி வந்ததும், பொய்யான ஆட்டத்தில் நிஜமாகவே இழக்கக்கூடிய ஒரு பொருளும் வந்து சேர்ந்தது. முடிவு பேசிவைத்ததாக இருக்கலாம். இழப்பு பேசிவைத்ததல்ல. ஆட்டம் முடிந்து, விளக்கணைந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் க்ரூஸுக்கு அந்த முகமூடி திரும்பக் கிடைக்கவில்லை. கூலிக்கு நடித்தவன் மேடையில் செத்தால் மறுநாள் எழுந்து வருவான். இவர் வரவில்லை.

என் ஐயா—அப்பாவைப் பெற்றவர்—1950களில் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். கிங்காங் என்ற பெயரில் ஆடிய ஹங்கேரிக்காரரையும் தாரா சிங்கையும் பற்றிக் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் படித்த மிடுக்கில், அதெல்லாம் நடிப்பு என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். "அம்புட்டும் நடிப்புத்தான்டா. அதுக்காக விழுந்தவனுக்கு வலிக்காதா?" என்றார். பார்த்தை நான் பி.ஏ. படிக்கும்போது வாசித்தேன். ஐயாவின் வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் இன்றும் வாசிக்கிறேன். (முகமூடி இல்லாமல் வாழ்நாளெல்லாம் மோதிய தாரா சிங்கை, நம் ஜனங்கள் அதிகம் ஞாபகம் வைத்திருப்பது 1987இல் தொடங்கிய தூர்தர்ஷன் ராமாயணத்தின் அனுமார் முகத்தோடு. இலங்கைக்குத் தாண்டுகிற அந்த முகத்துக்கு எங்கள் சேதுக்கரைப் பக்கம் தனி மரியாதை.)

லூச்சா லீப்ரேயில் ஒரு விதி உண்டு. ஆட்டத்தின் நடுவே எதிராளியின் முகமூடியை உருவினால் உருவினவர் தகுதி இழப்பார். முகமூடியைக் கழற்ற வைக்க ஒரே வழி, உன் முகமூடியையும் பந்தயத்தில் வைப்பது. தலைமுடியைப் பந்தயம் வைக்கிறவர்களும் உண்டு. முகமூடி இல்லாதவன் மொட்டையடித்துக்கொள்ளத் தயாராக வேண்டும். ஏதாவது ஒன்றை வைத்தாக வேண்டும். சும்மா வந்து உருவிவிட்டுப் போகக் கூடாது.

இந்த விதியை நினைத்துக்கொள்ள எனக்குக் காரணம் உண்டு. நான் ராமநாதபுரத்தில் ஒரு வங்கியில் குமாஸ்தா. காசோலையில் உள்ள கையெழுத்தும் கணக்கில் உள்ள கையெழுத்தும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் தொழில். சாயங்காலம் உத்தரகோசமங்கைக்குப் பஸ் ஏறி வந்து வேறொரு பெயரில் எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்பு பற்றி எழுதினேன். அதில் உள்ள படிமங்கள் மொழிபெயர்ப்புகளிலிருந்து இரவல் வாங்கியவை என்று பக்க எண்ணோடு சொல்லியிருந்தேன். பதில் ஒரு பத்திரிகையில் இரண்டு பக்கம் வந்தது. என் இயற்பெயர், வங்கிக் கிளை, பதவி, ஜாதி—எல்லாம் இருந்தன. கவிதை பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. 'நமது நிருபர்' என்று கையொப்பம். அடுத்த வாரம் கிளை மேலாளர் அந்தப் பக்கங்களை மேஜைமேல் விரித்துவைத்து விளக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். ஆறு மாதம் வேறெதுவும் எழுதவில்லை. கவுன்ட்டரில் யார் என்னை உற்றுப் பார்த்தாலும், இவர் அதைப் படித்தவரோ என்று தோன்றிக்கொண்டிருந்தது.

எழுத்தாளன் யார், எந்த ஜாதி, எங்கே சம்பளம் வாங்குகிறான் என்ற கேள்விகளே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கேட்கலாம். கேட்கிறவனும் தன் துணியை அவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கட்டும். சொ. விருத்தாசலம் கதைக்குப் புதுமைப்பித்தன், கவிதைக்கு வேளூர் கந்தசாமிப் பிள்ளை. க.நா.சு. கவிதை எழுதியது மயன் என்ற பெயரில். டி.கே. துரைசாமி நகுலன். இவர்கள் ஒளிந்துகொள்ளப் பெயர் வைத்துக்கொண்டதாக நான் நினைக்கவில்லை. துரைசாமி திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். வகுப்பு முடிந்து அவர் வீட்டுக்குப் போனதும் அங்கே உட்கார்ந்து எழுதியவர் வேறு ஆள். புனைபெயரை உருவினால் உள்ளே கிடைப்பது நிஜ நகுலன் அல்ல. சம்பளப் பட்டியலில் உள்ள துரைசாமி. அந்த வெற்றி யாருக்கு வேண்டும்?

எங்கள் ஊர்க் கோவிலில் மரகத நடராஜர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார். மத்தளச் சத்தத்தையே மரகதம் தாங்காது என்பது காரணம். மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஒருமுறை சந்தனத்தைக் களைகிறார்கள், அபிஷேகங்கள் நடக்கின்றன, விடிவதற்குள் புதுச் சந்தனம் சாத்தியாகிவிடுகிறது. அந்த ஒரு தரிசனத்துக்கு எங்கெங்கிருந்தோ ஜனம் வந்து குவிகிறது. பஸ் ஸ்டாண்டில் "ஒரிஜினலைப் பார்த்தாச்சு" என்று ஒருவர் செல்போனில் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளூர்க்காரர்களுக்கு மற்ற நாளெல்லாம் சந்தனம்தான் சாமி. கும்பிடுவதில் குறையொன்றும் வைப்பதில்லை. களைந்த சந்தனத்துக்கும் அன்றைக்குத் தள்ளுமுள்ளு உண்டு. சிவனின் முடியைப் பார்த்ததாகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவை மற்ற சிவன் கோவில்களில் சேர்ப்பதில்லை, இங்கே சாத்துகிறார்கள். பார்க்காததைப் பார்த்தேன் என்றவனையும் மன்னித்துவிடுகிற ஊர். நான் அவ்வளவு பெரிய மனசுக்காரன் இல்லை.

சான்டோவுக்கு வருகிறேன். அவர் பெயருக்குத்தான் புனிதர். 1952இல் அவர் 'ரூடோ', அதாவது விதியை மீறி ஆடுகிற முரடர் கட்சி. முரடன் ஜெயித்து, எதிராளியின் முகமூடி போயிற்று. ப்ளாக் ஷேடோவின் கூட்டாளி ப்ளூ டீமன் அடுத்த வருஷமே சான்டோவைத் தோற்கடித்து உலகப் பட்டத்தைப் பறித்தார். பட்டத்தைத்தான் பறிக்க முடிந்தது, முகமூடியை முடியவில்லை. வெள்ளி முகமூடியின் மவுசு அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் உச்சிக்கு ஏறியது: படக்கதைகள், ஐம்பதுக்கு மேற்பட்ட சினிமாக்கள். ஜெயித்தவருக்கு அதைக் கழற்ற வழியில்லாமல் போயிற்று. 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முகமூடியைக் கொஞ்சம் தூக்கிப் பாதி முகத்தைக் காட்டினார். பிப்ரவரி 5ஆம் தேதி இறந்துபோனார். முகமூடியோடு புதைத்தார்கள்.

க்ரூஸ் 2007 வரை இருந்தார். வெறும் முகத்தோடு, எல்லோருக்கும் தெரிந்த முகத்தோடு, ரிங்கில் இன்னும் பல வருஷம் ஆடினார். ஆட்ட விளம்பரங்களில் க்ரூஸ் என்று போடவில்லை. ப்ளாக் ஷேடோ என்றேதான் போட்டார்கள்.