காவற்கூடத்தின் வெளியே நின்றவர்கள்

உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு பஸ்ஸில் கால் மணித்தியாலம் போதும். ஆனால் எங்கள் மாதர் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மா கோணேசர் கோயிலுக்குப் போய் முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டன. காரணம் தூரமல்ல. கோயிலுக்குப் போகப் பிரட்றிக் கோட்டையின் வாசலைக் கடக்க வேண்டும். அங்கே காவற்கூடம் இருக்கிறது. 1990 இல் காணாமற்போன கணவரைத் தேடி, வேறோர் இடத்தில் ஒரு காவலரணின் முன்னால் நாட்கணக்காக நின்றவர் அவர். அன்றிலிருந்து துவக்கோடு நிற்பவரைக் கண்டாலே அவருக்குக் கை கால் நடுங்கும்.

"நீங்களும் வந்தால் வாறன் பிள்ளை" என்றார். ஒரு வெள்ளிக்கிழமை ஆறு பேராகப் புறப்பட்டோம்.

அந்த வாசலில் காவல் நின்றவர்கள் பலர். 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களையும் சேர்த்துக் கோட்டையைக் கட்டினார்கள். 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1795 இல் ஆங்கிலேயர் வந்தார்கள்; 1803 இல் அதற்கு இன்றைய பெயரை வைத்தார்கள். இன்று உள்ளே இலங்கை இராணுவம் இருக்கிறது. கொடிகள் மாறின, காவல் மாறவில்லை.

ஒல்லாந்தர் நம் துறைமுகத்தைப் பிடித்த அதே காலத்தில், அவர்களுடைய நாட்டில் காவற்கூடத்தை வரைவது ஒரு தனி ஓவிய வகையாகவே இருந்தது. சிப்பாய்கள் சீட்டு விளையாடுவார்கள், புகை பிடிப்பார்கள், தூங்கி வழிவார்கள். யாக்கோப் டக் என்ற ஓவியரின் சில படங்களில் கொள்ளையடித்த பொருட்களும் பிடிபட்டவர்களும் இருப்பார்கள். சிப்பாய்களிடம் மன்றாடும் பெண்களும் இருப்பார்கள். அந்தப் படங்களைப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. ஓவியர் உள்ளே நின்று வரைந்திருக்கிறார். கதவுக்கு வெளியே காத்து நின்றவளை நான் எந்தப் படத்திலும் காணவில்லை.

கோட்டை வாசலில் அம்மா நின்றுவிட்டார். அங்கிருந்த இளம் சிப்பாய் எங்களை மறிக்கவில்லை. ஆனாலும் அம்மாவின் கை அடையாள அட்டையைத் தேடி பைக்குள் போனது. வாசற்கல்லில் பழைய தமிழ்க் கல்வெட்டும் இணைக்கயல் சின்னமும் இருக்கின்றன. அவற்றைக் காட்டினேன். கயலைத் தடவிப் பார்த்தார். "இதுவும் வெளியிலதானே நிக்குது" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

உள்ளே புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கோயிலுக்கு ஏறும் வழியில் அவர் தானாகவே பேசத் தொடங்கினார். "நான் நிண்ட இடத்தில ஒரு மரமும் இல்லை பிள்ளை. வெயில். பக்கத்தில நிண்ட பொம்பிளை தன்ர குடையில பாதியைத் தந்தவ. பேர் கேக்கேல்லை."

சகோதரிகளே, காவற்கூடத்தின் வரலாற்றில் அந்தப் பாதிக் குடைக்கும் இடம் உண்டு. தனியாகக் காத்து நின்ற பெண்கள் ஒன்றாகச் சேர்ந்தபோது அது அமைப்பானது. 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி அப்படித்தான் உருவானது. 2017 இல் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரத்தில் தொடர் போராட்டமாக அமர்ந்ததும் அப்படித்தான்.

அன்று மாலை, உப்புவெளிக்குத் திரும்பும் பஸ்ஸில், அம்மா தன் கதையை எழுதித் தரச் சொன்னார். ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். நீங்கள் நின்ற வாசலையும் எழுதி வையுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும்.