எந்தத் தோட்டா வாங்குறது?

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. ஆபீஸ்ல ஆணி கம்மி, வெளியில பனி கொட்டுது, அதனால இன்னிக்கு எழுதிடறேன். தலைப்பைப் பார்த்துட்டு "இவனுக்கு ஏன் இந்த வேலை"ன்னு நினைக்கிறவங்க எங்க அம்மாவுக்குப் பின்னாடி வரிசையில நில்லுங்க. அவங்கதான் முதல்ல கேட்டாங்க :)

"ஏண்டா, படிச்ச புள்ளைக்குத் துப்பாக்கி எதுக்குடா?"

"மான் வேட்டைக்கும்மா. இங்க லைசென்ஸ் குடுத்து அனுமதிக்கிறாங்க."

"மானா? பாவம்டா அது!"

ஞாயித்துக்கிழமை காலையில எழுப்பி, "நெஞ்செலும்பா கேட்டு வாங்கிட்டு வா"ன்னு கறிக்கடைக்கு அனுப்பின அதே அம்மா. ஆனா அந்த 'பாவம்டா' எனக்கு அப்புறம் நல்லாவே உறைச்சுது. அதுக்கு வர்றேன்.

விஸ்கான்சின் வந்து சில வருஷம் ஆச்சு. பொட்டி தட்டுற பொழப்பு. இங்க தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை ஆரம்பிச்சு 9 நாள் துப்பாக்கி மான் சீசன். பொங்கலுக்கு நம்ம ஊர் ஆபீஸ் காலியாகுற மாதிரி அந்த வாரம் இங்க காலியாகும். பெட்ரோல் பங்க், மளிகைக்கடைன்னு எங்க பார்த்தாலும் பளீர் ஆரஞ்சு சட்டைதான். ஃபேஷன் இல்லீங்க. மேலுடுப்புல பாதிக்காவது அந்த மாதிரி பளீர் கலர் தெரியணும்னு சட்டம். இன்னொருத்தர் நம்மளை மான்னு நினைச்சுடக் கூடாதில்ல.

எங்க டீம்ல ஒரு டெஸ்டர், ரிட்டயர் ஆகப் போற வயசு. இந்தப் பதிவுல அவர் பேரு 'பெரிசு'. 2022 சீசன் முடிஞ்சு அவர் கொண்டு வந்த மான்கறி சாசேஜைத் தின்னுட்டு "நானும் வரட்டா?"ன்னு கேட்டேன். விதி.

எச்-1பி விசாக்காரன் துப்பாக்கியைத் தொடலாமான்னு கேப்பீங்க. அமெரிக்க மத்திய சட்டப்படி பொதுவா கூடாது. ஆனா ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா விதிவிலக்கு உண்டு. விஸ்கான்சின்ல 1973 ஜனவரி 1-ந் தேதியோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க அந்த லைசென்ஸ் வாங்கப் பாதுகாப்பு வகுப்பு முடிச்சிருக்கணும். 12 வயசுப் பசங்களோட உக்காந்து முடிச்சேன். என்னை விட அதிக மார்க் எடுத்த பொண்ணு பல்லுக்குக் கம்பி போட்டிருந்துச்சு.

இப்ப தோட்டான்னா என்னன்னு ஒரு சின்ன கொசுவத்தி. அப்பா சின்ன வயசுல கம்மாய்க்கரையில நரிக்குறவர் துப்பாக்கி கெட்டிக்கிறதைப் பார்த்திருக்காராம். குழல் வாய் வழியா முதல்ல மருந்து. அப்புறம் துணியை அடைச்சு கம்பியால இடிக்கிறது. அதுக்கு மேல ரவை. கடைசியில பின்பக்கம் ஒரு கேப்பு. மருந்து, ரவைக்குப் பதிலா ஒரு குண்டு, பத்த வைக்கிற கேப்பு, இது எல்லாத்தையும் ஒரு பித்தளைக் குப்பியில அடைச்சா அதுதான் ரைஃபிள் தோட்டா. முனையில இருக்கிற குண்டு மட்டும் பறக்கும், குப்பி நம்ம காலடியில விழும்.

இதுங்களுக்கு வச்சிருக்கிற பேரைப் பார்த்தா தலை சுத்தும். .308 வின்செஸ்டர்னா குண்டோட விட்டம் 0.308 அங்குலம். சரி. .30-06-ன்னா? அதே 0.308 அங்குலக் குண்டுதான், ஆனா 06-ங்கிறது 1906-ஆம் வருஷம்! 1952-ல வந்த .308 குப்பியோட கழுத்தை நெரிச்சா .243, அது 1955. அந்த அளவுக்கு நெரிக்காம 7 மி.மீ. குண்டு வச்சா 7 மி.மீ.-08, அது 1980. எவனோ வேரியபிளுக்குக் கண்டபடி பேர் வச்சு அப்படியே ப்ரொடக்‌ஷனுக்குத் தள்ளின மாதிரி இருக்கும். குண்டோட எடையைக் கிரெயின் கணக்குல சொல்லுவாங்க, 7000 கிரெயின் ஒரு பவுண்டு. தானிய மணியில இருந்து வந்த அளவு. நம்ம பத்தர் குண்டுமணி வச்சுத் தங்கம் நிறுத்தாரே, அதே கதை.

முதல் சீசனுக்குப் பெரிசு தன்னோட பழைய .30-06-ஐக் குடுத்தார். சீசனுக்கு முன்னாடி நான் பழகினது மொத்தமே ஒரு பெட்டி, 20 தோட்டா. ஒவ்வொண்ணும் தோள்ல கழுதை உதைச்ச மாதிரி இருந்துச்சு. பத்தாவதுக்கு மேல எப்படா முடியும்னு ஆயிடுச்சு. தாள்ல எங்கெங்கயோ பட்டுச்சு, மான் என்ன தாளை விடப் பெரிசுதானேன்னு நெனைச்சுக்கிட்டேன்.

2023 நவம்பர் 18, சீசனோட முதல் நாள், சாயங்காலம் மூணரை மணி இருக்கும். 80 கஜத்துல ஒரு பெண் மான், பக்கவாட்டுல நின்னுச்சு. அதை விட சுலபமான வாய்ப்பு கிடைக்காது. சுட்டேன். சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கண்ணை மூடிட்டேன்னு எனக்கே தெரியும். மான் ஒரு துள்ளு துள்ளிட்டு ஓடிருச்சு.

நின்ன இடத்துல கொஞ்சம் முடி, நாலஞ்சு சொட்டு ரத்தம். அரை மணி நேரம் காத்திருந்தோம். துப்பாக்கியை வண்டியில வச்சுட்டு டார்ச் எடுத்துக்கிட்டு சொட்டுச் சொட்டாத் தேடிப் போனோம். ரெண்டு சொட்டுக்கு நடுவுல பத்தடி, அப்புறம் முப்பதடி, அப்புறம் ஒண்ணுமே இல்ல. சதுப்புக்காடு வந்துருச்சு. ராத்திரி ஒம்பதரை வரைக்கும் தேடினோம். மறுநாள் காலையிலயும் போனோம். கிடைக்கலை. கூட வந்தவங்க எல்லாரும் "பிழைச்சிருக்கும்"னு சொல்லித் தேத்தினாங்க. பெரிசு மட்டும் அப்படிச் சொல்லலை.

அடுத்த வாரம் என்னை சுடுதளத்துக்குக் கூட்டிட்டுப் போனார். எனக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு அவரே ஒவ்வொரு தோட்டாவாப் போட்டுக் குடுத்தார். நாலாவது தடவை டிரிக்கரை இழுத்தேன், 'டிக்'னு ஒரு சத்தம் மட்டும். உள்ள இருந்தது வெத்துத் தோட்டா. வெடிக்கவே இல்லாத துப்பாக்கி என் கையில ரெண்டு அங்குலம் கீழ குத்துச்சு, என் கண்ணும் மூடிச்சு. உதைக்குப் பயந்து உடம்பு முன்கூட்டியே துள்ளுது. துப்பாக்கி மேல தப்பே இல்ல. பக் என்கிட்டதான்.

அந்த வெக்கத்துல அந்தக் குளிர்காலம் முழுக்க எக்ஸெல்லும் கையுமா உக்காந்தேன். எனக்குத் தேவை ஒரே தோட்டா: நவம்பர்ல மானுக்கும் ஆகணும், கோடையில 500 கஜம் தள்ளி இரும்புத் தட்டைச் சுடவும் ஆகணும். ஃபார்முலா போட்டு, எல்லாத்தையும் 8 பவுண்டு எடையுள்ள ரைஃபிள்ல வச்சு உதையைக் கணக்குப் பார்த்தேன். 180 கிரெயின் குண்டோட .30-06 கிட்டத்தட்ட 20 அடி-பவுண்டு. 168 கிரெயின் .308 ஒரு 15. 140 கிரெயின் 6.5 க்ரீட்மோர் ஒரு 12. 100 கிரெயின் .243 ஒரு 8.

க்ரீட்மோர் இந்தக் கூட்டத்துல புதுப் பையன், 2007-ல வந்தது. நியூயார்க் லாங் ஐலண்டுல 1870-கள்ல தொடங்கின சுடுதளம் ஒண்ணோட பேர் வழியா வந்த பேரு. குண்டு ஒல்லியா நீளமா இருக்கிறதால காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். 10 மைல் வேகத்துல பக்கவாட்டுக் காத்து அடிச்சா, 500 கஜத்துல .308-ஓட 168 கிரெயின் போட்டிக் குண்டு 22 அங்குலம் போல தள்ளிப் போகும், க்ரீட்மோர் 15 அங்குலம் போல. தட்டு சுடறவனுக்கு இது பெரிய வித்தியாசம். ஆனா 100 கஜத்துல ரெண்டுமே ஒரு அங்குலம் கூட நகராது. எங்க காட்டுல 150 கஜத்துக்கு மேல பார்வையே போகாது. அதாவது மானைப் பொறுத்தவரைக்கும் என் எக்ஸெல்லோட பாதி காலம் வேஸ்ட்!

"சின்னக் குண்டு பத்துமா?"ன்னு ஒரு பயம் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்துச்சு. ஸ்வீடன்காரங்க 1890-கள்ல வந்த 6.5×55 தோட்டாவை வச்சுத் தலைமுறை தலைமுறையா மூஸ் அடிக்கிறாங்க, அது நம்ம எருமையை விட உயரமான மிருகம். நம்ம ஜிம் கார்பெட்டுக்குச் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதுக்காக 1907-ல பரிசாக் குடுத்த ரைஃபிள் .275 ரிக்பி. அது 7 மி.மீ. மவுசர் தோட்டாதான், நடுத்தர சைஸ். சரியான இடத்துல பட்டாப் போதும்கிறதுக்கு இதுக்கு மேல சாட்சி வேணுமா?

அதுலயும் ஒரு விஷயம். ஒரே தோட்டாவிலயே போட்டிக்கு ஒரு குண்டு, வேட்டைக்கு ஒரு குண்டு இருக்கு. பேப்பர்ல அழகா ஓட்டை போடற போட்டிக் குண்டு உடம்புக்குள்ள எப்படி நடந்துக்கும்னு நம்ப முடியாது. வேட்டைக்கு, உள்ள போய் பூ மாதிரி விரியறதுக்குன்னே செஞ்ச குண்டுதான் போடணும். பெட்டி மேல கேலிபர் ஒண்ணுதானேன்னு மாத்திப் போட்டா கஷ்டப்படப் போறது நாம இல்ல.

எக்ஸெல்லைப் பிரிண்ட் எடுத்துப் பெரிசுகிட்ட பெருமையாக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சார். டெஸ்டர் புத்தி போகுமா. "இதுல ஒரு காலம் விட்டுப் போச்சே"ன்னார்.

"எது?"

"வருஷத்துக்கு எத்தனை ரவுண்டு சுடுவே?"

அவ்ளோதாங்க. அந்த ஒரு காலத்தைச் சேர்த்தா முழு ஷீட்டும் மாறிடுச்சு. .30-06-ல ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல என்னால முடியாது. 7 மி.மீ.-08 அருமையான தோட்டா, ஆனா எங்க ஊர்க் கடை அலமாரியில பாதி நாள் இருக்காது. .243 தோளுக்குச் சுகம், மானுக்கும் போதும், 500 கஜத்துக் காத்துல கொஞ்சம் திணறும். .308 எங்கயும் கிடைக்கும், குழலும் நீண்ட நாள் உழைக்கும். ஏற்கனவே உதை பழகினவரா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு... சாரி, கண்ணைத் திறந்துக்கிட்டு அதையே வாங்கலாம் :) நான் பயந்தவன், அதனால 6.5 க்ரீட்மோர். அதோட குழல் .308-ஐ விடச் சீக்கிரம் தேயும்னு தெரிஞ்சேதான் வாங்கினேன்.

2024 கோடை முழுக்கச் சுட்டேன். 400 தோட்டாவுக்கு மேல, பாதி வெத்துத் தோட்டாவைக் கலந்து. 500 கஜத்துல இரும்புத் தட்டு 'டிங்'குன்னு அடிக்கிற சத்தம் இருக்கே, ராஜா மியூசிக் மாதிரி. ஆனா வேட்டைக்குன்னு வர்றப்போ வேற பரீட்சை. ஒம்பது அங்குலப் பேப்பர் பிளேட்டை வச்சு, மேஜை இல்லாம, தரையில உக்காந்து, குளிர் ஜாக்கெட்டோட சுடணும். பத்துக்குப் பத்து விழுந்த தூரம் 150 கஜம். தோட்டாவால 500 முடியும், என்னால 150. அதுக்கு மேல சுடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

2024 நவம்பர் 23. காலையில வயல் ஓரத்துல ஒரு கொம்பு மான், 230 கஜம். ஸ்கோப்ல அழகா நின்னுச்சு. விட்டுட்டேன். மனசு அடிச்சுக்கிச்சு, ஆனா போன வருஷத்து சதுப்புக்காடு கண்ணு முன்னாடி வந்துச்சு. மறுநாள் மதியம் 110 கஜத்துல ஒரு பெண் மான். டிரிக்கரை இழுத்தேன், இந்தத் தடவை கண்ணு திறந்தே இருந்துச்சு. நாப்பது அடி ஓடி விழுந்துச்சு. பக்கத்துல போய் நின்னப்போ சந்தோஷம்னு சொல்ல முடியாது. கை நடுங்கிச்சு. பெரிசு தொப்பியைக் கழட்டினார், நானும் கழட்டினேன்.

இங்க மான்களுக்கு மூளையைத் தாக்குற ஒரு நோய் 2002-லயே கண்டுபிடிச்சுட்டாங்க. அதனால மாதிரி எடுத்துக் குடுத்து, ரிசல்ட் நல்லபடியா வந்தப்புறம்தான் கறியைத் தொட்டேன். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், மிளகு தூக்கலாப் போட்டு ஒரு வறுவல். வீடியோ கால்ல அம்மாகிட்ட காட்டினேன்.

"ரொம்ப நேரம் துடிச்சுதாடா?"ன்னு கேட்டாங்க.

"இல்லம்மா. சட்டுனு முடிஞ்சிருச்சு."

"அப்ப சரி. இஞ்சி பூண்டு போட்டியா?"

முந்தின வருஷத்து மானைப் பத்தி அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. உங்ககிட்டதான் சொல்றேன்.

சரி, எந்தத் தோட்டா வாங்கலாம்னு என்னைக் கேட்டா, எக்ஸெல்லை அனுப்பி வைக்கிறேன், கடைசி காலத்தை மட்டும் நீங்களே நிரப்பிக்கோங்க. வேட்டையே தப்புன்னு சொல்றவங்களோட எனக்குச் சண்டை இல்ல, அம்மா கட்சி அது. கும்முறவங்க கும்முங்க.

வர்ட்டா!