விரலுக்கு எத்தனை கிலோ?

 

சுவரிதழுக்கு எல்லாரும் மழை, மரம், அம்மா என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன். பயந்துடாதீங்க! இது குறி பார்த்துச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. அதிலும் விரல் படுகிற சின்னக் கொக்கியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதன் பெயர் விசை. ட்ரிகர் என்றும் சொல்வார்கள்.

ஒவ்வொரு விசைக்கும் ஒரு எடை உண்டு. குண்டு வெளியேற விரல் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதுதான் அந்த எடை. கூடினால் கஷ்டம், குறைந்தால் ஆபத்து.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் ஆர்வம் வந்தது தெரியுமா? பங்குனி உத்திரத் திருவிழாவில் பலூன் சுடும் கடைக்குப் போனோம். காசு கொடுத்தது நான். கடைக்காரர் துப்பாக்கியை என் தம்பி கையில் கொடுத்தார். "பாப்பா, இது இறுக்கமா இருக்கும். உன்னால இழுக்க முடியாது" என்றார். தம்பி ஆறாவதுதான் படிக்கிறான். தினமும் அடிபம்பில் நாலு குடம் தண்ணி அடித்துத் தூக்குவது நான்தான். எனக்குக் கோபம் வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. நிஜமாவே பொண்ணுங்க விரலுக்குப் பலம் இல்லையா?

அறிவியல் டீச்சரிடம் கேட்டு சுருள்வில் தராசை வாங்கினோம். ஐந்து பெண்கள், இரண்டு பையன்கள். ஆள்காட்டி விரலால் மட்டும் கொக்கியை இழுத்தோம். ஐந்து பெண்களுமே 3 கிலோவைத் தாண்டிவிட்டோம். ஒரு பையன் என்னைவிடக் கம்மி. பெயர் சொல்ல மாட்டேன்!

ராணுவத்தில் இருக்கும் என் மாமா லீவில் வந்தபோது இதைச் சொன்னேன். மாமா சிரித்தார். "பலம் எல்லாருக்கும் இருக்கு கண்ணு. இழுக்கும்போது துப்பாக்கி ஆடாம இருக்கணும், அதுதான் கஷ்டம்" என்றார். ஒரு நீளக் குச்சியில் தராசைக் கட்டி, குச்சியைத் துப்பாக்கி மாதிரி பிடித்து இழுக்கச் சொன்னார். அரை கிலோ இழுத்தபோது குச்சியின் நுனி அசையவே இல்லை. 3 கிலோ வந்ததும் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகி, நுனி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். பேனாவால் வைக்கிற புள்ளி அளவு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அக்கா 2019-ல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். இதில் விசைக்குக் குறைந்தபட்ச எடை என்று விதி இல்லை. அதனால் சுமார் 100 கிராம் அளவுக்குக்கூட இலேசாக வைத்துக்கொள்கிறார்கள். ஏர் பிஸ்டலுக்கு மட்டும் 500 கிராமுக்குக் குறையக் கூடாது. நம் பாடக் கணக்கில் அது 4.9 நியூட்டன். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் அக்கா வெண்கலம் வாங்கியது இதில்தான். துப்பாக்கிக் குழாயை வானம் பார்க்க நிறுத்தி, விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். விசை விடுபடாமல் எடையைத் தாங்க வேண்டும்.

"அப்ப எல்லா துப்பாக்கிக்கும் 100 கிராம் வெச்சிடலாமே மாமா?" என்று கேட்டேன். "கூடாதும்மா. நாங்க குளிர்ல நிப்போம், ஓடுவோம், கை நடுங்கும். தெரியாம விரல் பட்டா வெடிச்சிடும். அதனால எங்க ரைஃபிள்ல விசை கிலோ கணக்குலதான் இருக்கும்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பலூன் கடைத் துப்பாக்கியையும் ஒரு நாளில் எத்தனையோ கைகள் பிடிக்கின்றன. அது இறுக்கமாக இருப்பது நல்லதுதான். அவசரப்படுகிற விரலைத் தடுக்கத்தான் அந்த இறுக்கம். அதற்கு ஆண், பெண் தெரியாது.

நமக்குச் சரியான எடை எது? மாமா சொன்ன வழி இது. நாம் நினைப்பதற்கு முன்பே குண்டு போய்விட்டால் விசை ரொம்ப இலேசு. இழுத்து முடிப்பதற்குள் மூச்சு முட்டி, குழாய் ஆடினால் ரொம்பக் கனம். புதிதாகப் பழகுகிறவர்கள் ஒன்று, ஒன்றரை கிலோவில் தொடங்கி, விரல் பழகிய பிறகு குறைக்கலாம். நாமே திருகிப் பார்க்கக் கூடாது. தெரிந்தவர்தான் மாற்ற வேண்டும். எடை எதுவானாலும் குறி வைக்கும் வரை விரல் விசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஆள் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது.

நான் அடுத்துப் படிக்கப் போகும் பள்ளியில் என்.சி.சி. இருக்கிறது. சேர வேண்டும் என்று ஆசை. அப்பா கையெழுத்துப் போட வேண்டும். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கி?" என்றுதான் முதலில் கேட்டார். தராசை வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் முன்னாடி இழுத்துக் காட்டினேன். அப்பாவும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு, "எங்க, அந்தக் குச்சியக் கொண்டா" என்று கேட்டார். இன்னும் 'சரி' சொல்லவில்லை. ஆனால் 'வேண்டாம்' என்றும் இப்போது சொல்வதில்லை.

தராசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அறிவியல் அறையில்தான் இருக்கிறது. டீச்சரிடம் கேட்டுவிட்டு நீங்களும் இழுத்துப் பாருங்கள் தோழிகளே. எத்தனை கிலோ என்று எனக்கும் சொல்லுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி