கிரானடாவின் செந்நிற மாளிகை

மாட்ரிட் நகரில் பணிபுரியும் மைத்துனர் அழைத்ததன் பேரில், பல்லாண்டுச் சேமிப்பைத் துணைக்கொண்டு சென்ற ஆண்டு குடும்பத்துடன் ஸ்பெயின் தேசம் சென்று வந்தோம். அங்கே கிரானடா நகரின் குன்றின்மேல் விளங்கும் அல்ஹம்ப்ரா அரண்மனையைக் கண்டு களித்ததைச் சங்கத்து அன்பர்களுக்குக் கூற விழைகிறோம்.

‘செந்நிறமுடையது’ என்னும் பொருள்படும் அரபுச் சொல்லே அப்பெயருக்கு மூலம். மூர் இனத்தவரான நஸ்ரித் வம்சத்தின் முதல் மன்னர் முகம்மது 1238-இல் தொடங்கிய பணியை, 14-ஆம் நூற்றாண்டில் அவர் வழிவந்தோர் அழகின் சிகரத்துக்கே கொண்டு சென்றனர்.

அரண்மனைக்குள் நுழைய வேண்டிய நேரம் சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. தவறினால் அனுமதி இல்லை. வண்டி நேரத்தோடு வாழும் எங்களுக்கு இது புதிதன்று. ஆயினும் முழங்கால் வலியால் அன்னையார் பாதி வழியில் அமர்ந்துவிட்டார். “நீங்கள் போய்ப் பாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்” என்றார். விட்டுச் செல்ல மனமின்றிக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றோம். கடைசி நிமிடத்தில் வாயிலை அடைந்தோம்.

வெளியே ஆடம்பரமற்ற மதில். உள்ளேயோ கண்கொள்ளாக் காட்சி! தூதர் மண்டபத்தின் விதானத்தில் 8,000-க்கும் மேற்பட்ட மரத்துண்டுகளை இணைத்து ஏழு வானங்களை அமைத்திருக்கிறார்கள். ‘இறைவனையன்றி வெற்றியாளர் இலர்’ என்னும் அரபு வாசகம் சுவரெங்கும் கொடிபோல் படர்ந்திருக்கிறது. சிங்க முற்றத்தைச் சுற்றி 124 பளிங்குத் தூண்கள். நடுவே நீர் உமிழும் 12 சிங்கங்கள். டாரோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி அக்காலத்திலேயே குன்றுக்கு நீர் கொணர்ந்த திறத்தை என்னென்பது!

“நம் வீட்டு முற்றம் போலவே நடுவில் வானம் தெரிகிறதே!” என்றார் அன்னையார். ஊரிலிருந்த பூர்வீக வீட்டை நாங்கள் விற்று ஓராண்டாகியிருந்தது. அதுவரை அவர் அதைப்பற்றி வாய் திறந்ததில்லை.

1492 ஜனவரி 2-ஆம் நாள் கடைசி மன்னர் இம்மாளிகையைக் கிறிஸ்தவ அரசர்களிடம் ஒப்படைத்த வரலாற்றைச் சொன்னோம்.

“பிறகு அவர் எங்கே போனார்?”

“கடல் கடந்து மொராக்கோவுக்கு, அம்மா.”

நெடுநேரம் நீரோசையைக் கேட்டபடி நின்றார். பின்னர் மெல்லக் கேட்டார்: “நம் முற்றத்துத் துளசி மாடத்தை வாங்கினவர்கள் இடிக்காமல் வைத்திருக்கிறார்களா?”

எங்களுக்கு விடை தெரியவில்லை. திரும்பியதும் ஊருக்கு எழுதிக் கேட்டோம். மாடம் இருக்கிறதாம், நாள்தோறும் விளக்கும் ஏற்றுகிறார்களாம்.