கைக்குத் தெரிந்த காடு

பதினைந்து ஆண்டுகளாக வகுப்பில் நெய்தல் நடத்துகிறேன். பாட்டில் ‘கண்டல்’ வரும்போதெல்லாம், “கழிக்கரையில் வளரும் ஒரு மரம்” என்று சொல்லிவிட்டுத் தலைவியின் இரங்கலுக்குப் போய்விடுவேன். அந்த மரத்தை முதன்முதலில் தொட்டது, எங்கள் கல்லூரித் தாவரவியல் மாணவிகளுக்குத் துணையாகப் பிச்சாவரம் போனபோதுதான்.

மாணவிகள் கயிறு கட்டிப் பத்து மீட்டர் சதுரம் பிரித்தார்கள். அலையாத்திக்கு மார்பளவு உயரத்தில் சுற்றளவு எடுத்தார்கள். சுரபுன்னைக்குத் தாங்குவேர்களுக்கு மேலே. பிறகு கன்றுகளின் எண்ணிக்கை, நீரின் உப்பளவு.

ஆங்கிலேயர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டிய காடு இது. வெயில் பட்ட தரை காய்ந்து தாழ்ந்தது. ஏறிய ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கியது. உப்பு கூடிக் கன்றுகள் பிழைக்கவில்லை. பழியோ விறகு எடுத்த ஊர் மக்கள்மீதும் மாடுகள்மீதும் விழுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்துபோக வழிசெய்தார்கள். காடு திரும்பியது. இன்று செயற்கைக்கோள் படத்தில் பச்சை தெரிகிறது.

பக்கத்து வாய்க்காலில் இருளர் பெண் ஒருவர் இடுப்பளவு நீரில் வெறுங்கையால் சேற்றைத் துழாவி எறா பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்திருந்தார். கரையேறியதும், “காடு எப்படிக்கா இருக்கு?” என்றேன்.

“மேல நல்லாத்தான் இருக்கு மேடம். இந்த வாய்க்கா தூந்துபோச்சு. தண்ணி வடியல, சேறு நாறுது. ரெண்டு வருசமா எறா கொறஞ்சுபோச்சு. இப்படியே வுட்டா மரமும் காயும்.”

ஒரு மாணவி உப்பளவு பார்த்தாள். மற்ற வாய்க்கால்களைவிடக் கூடுதல். இலைகள் மட்டும் இன்னும் பச்சையாகவே இருந்தன.

“இதையெல்லாம் யாராவது உங்ககிட்ட கேட்டிருக்காங்களாக்கா?”

“எறா வெல கேப்பாங்க.”

பறியைக் கடித்திருக்கும்போது அவரால் பேச முடியாது, சரி. மீதி நேரத்தில்? அந்தக் கை நாள்தோறும் காட்டை அளந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குக் கூலியும் இல்லை, கணக்கில் இடமும் இல்லை.

படிவத்தில் பதினொரு கட்டங்கள் இருந்தன. மாணவிகள் பன்னிரண்டாவதாக ஒன்று போட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார்கள். “எம் பேரையும் போடும்மா” என்றார். போட்டார்கள். எழுதியதை வாசிக்கச் சொன்னார். தமிழ் படித்தவளாக அன்று நான் செய்த ஒரே வேலை, அதை அவருக்கு வாசித்துக் காட்டியதுதான்.