ஞாயித்துக்கிழமை கடை கிடையாது

எம்.எஸ். படிக்க ஜெர்மனி போகணும்னு நினைக்கிறவங்களுக்கு விசா பத்தி, அட்மிஷன் பத்திச் சொல்ல யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. தக்காளி வாங்குறதைப் பத்தி யாரும் சொல்றதில்ல. அதை நான் சொல்றேன்.

எனக்குச் சொந்த ஊர் கல்லாவி. எங்க பக்கம் ஞாயித்துக்கிழமைன்னா போச்சம்பள்ளி சந்தை. இப்ப நான் இருக்கிற டோர்ட்முண்ட்ல அன்னைக்கு சூப்பர் மார்க்கெட்டே திறக்காது. சட்டமே அப்படித்தான். ரயில்வே ஸ்டேஷன் கடை, பெட்ரோல் பங்க் மாதிரி சிலது மட்டும் இருக்கும், விலையும் கூட இருக்கும். அதனால சனிக்கிழமையே வாங்கி வெச்சுடுங்க. பை நீங்கதான் கொண்டுபோகணும். தண்ணி பாட்டிலுக்கு விலைக்கு மேல 25 சென்ட் டெபாசிட் பிடிப்பாங்க. காலி பாட்டிலைக் கடையில இருக்கிற மெஷின்ல போட்டா சீட்டு வரும், அதை பில்லுல கழிச்சுக்கலாம். (குழாய்த் தண்ணியே நல்லா இருக்கும், குடிக்கலாம்.)

இதெல்லாம் ரெண்டே வாரத்துல பழகிடும். எதை எடுத்தாலும் மனசுக்குள்ள நூறால பெருக்குறோம் பாருங்க, அதுதான் லேசுல போகாது. ஒரு சின்னக் கட்டு கொத்தமல்லியைக் கையில எடுத்தா நம்ம ஊர்ல கொசுறாக் கொடுக்குறது ஞாபகம் வரும், திரும்ப வெச்சுடுவீங்க. விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட்ல போட்ட 11,904 யூரோ மாசம் 992-ஆ கைக்கு வரும். அதுல வாடகையும் இன்சூரன்ஸும் போக மீதியைப் பார்த்தா, ஊர்ல இருக்கிற எஜுகேஷன் லோன்தான் கண்ணுல தெரியும். வாடகையைக் குறைக்க முடியாது, சாப்பாட்டைக் குறைக்கலாம்னு தோணும். என் ரூம்மேட் அப்படித்தான் முதல் ரெண்டு மாசம் பிரட்டும் நூடுல்ஸுமா ஓட்டினான். அஞ்சு கிலோ இறங்கிட்டான். வீட்டுக்குப் பேசும்போது கேமராவை ஆன் பண்ணவே மாட்டான். சம்பளம் எந்த ஊர் காசோ, கணக்கும் அந்த ஊர் காசுலதான் போடணும். பார்ட் டைம் வேலையில ஒரு மணி நேரச் சம்பளத்துக்கு ரெண்டு நாள் காய் வந்துடும்னு அவனுக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன்.

நம்ம சாமானுக்கு ஈழத் தமிழர் கடைகள் இருக்கு. 1983 கலவரத்துக்கு அப்புறம் அகதிகளா வந்தவங்க நிறையப் பேர் இந்தப் பக்கம் இருக்காங்க. பக்கத்து ஊரான ஹாம்ல 2002-ல திறந்த காமாட்சி அம்மன் கோயிலும் அவங்க கட்டினதுதான்.

அங்க ஒரு கடையில, "அண்ணா, ராகி மாவு இருக்கா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "குரக்கன் மாவோ தம்பி? அங்க கீழ் தட்டில கிடக்கு"ன்னார். நிலக்கடலையையும் "கச்சான்"னுதான் சொன்னார். ஒரே பாஷைக்குள்ளயும் டிக்‌ஷனரி தேவைப்படும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரி களி கிண்டி அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டினோம். ரூம்மேட்டும் பக்கத்துல இருந்தான். அம்மா பாத்திரத்தை உத்துப் பார்த்துட்டு, "கட்டி தட்டியிருக்கு, இன்னும் கிண்டுங்கடா"ன்னாங்க.